ஒற்றைக்கால் கவிஞரும் ஒற்றைக்கால் கள்வனும்

கடற்கொள்ளையன் என்றதும் உலகெங்கும் வாசகர் மனத்தில் எழும் உருவம் ஒன்று உண்டு. ஒரு கால் இல்லை, கக்கத்தில் ஊன்றுகோல், தோளில் கிளி, முகத்தில் சிரிப்பு, அச்சிரிப்பின் அடியில் மறைந்திருக்கும் கத்தி. ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் எழுதிய ‘புதையல் தீவு’ நாவலின் லாங் ஜான் சில்வரே அவ்வுருவத்தின் மூலம். இக்கள்வனைத் திரையில் பலர் நடித்துள்ளனர். அவர்களுள் 1934இல் நடித்த வாலஸ் பீரியும், 1950இல் நடித்த ராபர்ட் நியூட்டனும் ஒருசேர வைத்து நோக்கத்தக்கவர்கள். அவ்வாறு நோக்கும்முன், சில்வர் எங்கிருந்து பிறந்தான் என்பதை அறிதல் வேண்டும். அவன் ஒரு கவிஞரிடமிருந்து பிறந்தவன். ஆகவே இவ்வாராய்ச்சி கவிஞர்கள் கூடியுள்ள மலரொன்றில் இடம்பெறுவது பொருத்தமுடையதே.

நண்பர் தந்த உருவம்

வில்லியம் எர்னஸ்ட் ஹென்லி 1849இல் இங்கிலாந்தின் கிளாஸ்டரில் பிறந்தவர். இளமையிலேயே எலும்புருக்கி நோய் அவரைப் பற்றியது. இடக்கால் முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுக்கப்பட்டது. மற்றொரு காலையும் இழக்க நேரும் என்ற நிலையில், எடின்பரோவில் இருந்த அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டரை நாடிச் சென்றார். 1873 முதல் 1875 வரை மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தார்; கால் காப்பாற்றப்பட்டது. பிற்காலத்தில் ‘இன்விக்டஸ்’ என்னும் பெயரால் புகழ்பெற்ற கவிதை அந்நாட்களில் எழுந்ததே. அக்கட்டிலருகே 1875இல் ஓர் இளைஞரை அழைத்து வந்தார் திறனாய்வாளர் லெஸ்லி ஸ்டீபன். வந்தவர் ஸ்டீவன்சன். அன்று தொடங்கிய நட்பு பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

1881ஆம் ஆண்டு கோடையில், ஸ்காட்லாந்தின் பிரேமரில், மழைநாளொன்றில் தம் மனைவியின் மகனான சிறுவனோடு பொழுதுபோக்கிக் கொண்டிருந்த ஸ்டீவன்சன், ஒரு தீவின் வரைபடத்தைத் தீட்டினார். அப்படத்திலிருந்து கதை வளர்ந்தது. ‘கடற் சமையற்காரன்’ என்பதே அவர் முதலில் எண்ணிய தலைப்பு. 1881 அக்டோபரில் சிறுவர் இதழொன்றில் புனைபெயரில் தொடராக வெளிவரத் தொடங்கி, 1883இல் நூலுருப் பெற்றது.

அந்தச் சமையற்காரனே சில்வர். அவனைப் படைத்த முறையை ஸ்டீவன்சனே பிற்காலக் கட்டுரையொன்றில் விளக்கியுள்ளார். தாம் பெரிதும் மதித்த நண்பர் ஒருவரை எடுத்துக்கொண்டு, அவரிடமிருந்து மென்மையும் மேன்மையுமான பண்புகளையெல்லாம் களைந்துவிட்டு, உடல்வலிமை, துணிவு, கூர்மதி, பேரின்முகம் ஆகியவற்றை மட்டும் எஞ்சவைத்து, அவற்றை ஒரு முரட்டு மாலுமியின் உருவில் அமைத்தாராம். அந்நண்பர் ஹென்லியே. 1883இல் அவருக்கு எழுதிய கடிதத்திலும் இதனை ஸ்டீவன்சன் ஒப்புக்கொண்டார்.

கவிஞரிடமிருந்து கவிதையைக் கழித்தால் எஞ்சுவது எது என்னும் கேள்விக்கு ஸ்டீவன்சன் கண்ட விடையே சில்வர் எனலாம். இவ்வாறு களையப்பட்டதைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சியாகவே நாம் ஒப்பிடப் புகும் இரு படங்களும் எனக்குத் தோன்றுகின்றன. ஒன்று அதனைக் கண்ணீரில் தேடிற்று. மற்றொன்று குரலில் தேடிற்று.

நாவல் விட்டுச்சென்ற வெற்றிடம்

சில்வர் பிரிஸ்டல் துறைமுகத்தில் மதுவிடுதி நடத்துபவன். வங்கியில் பணம் சேர்த்து வைத்திருப்பவன். சமையற்காரனாகக் கப்பலேறிச் சிறுவன் ஜிம் ஹாக்கின்ஸின் அன்பைப் பெறுகிறான். பிறகு ஆப்பிள் பீப்பாயினுள் இருந்த ஜிம், இவனே கலகத்தின் தலைவன் என்பதைக் காதால் கேட்கிறான். தீவில் நேர்மையான மாலுமி ஒருவனை ஊன்றுகோலை எறிந்து வீழ்த்திக் கத்தியால் குத்திக் கொல்வதைக் கண்ணாலும் காண்கிறான். அதே சில்வர்தான் பின்னர் மற்றக் கள்வரிடமிருந்து ஜிம்மின் உயிரைக் காக்கிறான். அது அன்பாலா, தன்னலத்தாலா என்பதை ஆசிரியர் சொல்வதில்லை.

முடிவும் அவ்வாறே. நாடு திரும்பும் வழியில், ஸ்பானிய அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் கப்பல் நிற்கும்போது, ஒரு பை நாணயத்தோடு சில்வர் தப்பிவிடுகிறான். துணைநின்றவன் தீவில் தனித்துக் கிடந்த பென் கன். ஜிம் அப்போது கப்பலிலேயே இல்லை. விடைபெறும் சொல் ஒன்றுமில்லை, பார்வை ஒன்றுமில்லை. கள்வனுக்கும் சிறுவனுக்கும் இடையே இருந்தது என்ன என்ற கேள்வி திறந்தபடியே நிற்கிறது. இந்த வெற்றிடமே நாவலின் வலிமை. திரைப்படமோ வெற்றிடத்தைப் பொறுப்பதில்லை. பிரியும் இருவரையும் எதிரெதிரே நிறுத்திக் காட்ட விரும்புவது அதன் இயல்பு. இரு படங்களும் இவ்விடத்தில்தான் நாவலை விட்டு விலகின. விலகிய திசைகள் வேறு வேறு.

1934: கண்ணீரின் சில்வர்

மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனம் தயாரித்து, விக்டர் ஃபிளெமிங் இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம் 1934இல் வெளிவந்தது. இக்கதை முன்னர் மௌனப் படமாகவும் வந்ததுண்டு. ஆயினும் சில்வர் திரையில் வாய்திறந்து பேசியது இப்படத்தில்தான்.

வாலஸ் பீரி சில்வராகவும், ஜாக்கி கூப்பர் ஜிம்மாகவும் நடித்தனர். இவ்விணை தற்செயலானதன்று. 1931இல் வெளிவந்த ‘தி சாம்ப்’ என்னும் படத்தில் வீழ்ந்துபோன குத்துச்சண்டை வீரனாக பீரியும், அவனை விட்டுப் பிரியாத மகனாகக் கூப்பரும் நடித்து அமெரிக்க மக்களை அழவைத்திருந்தனர். பீரிக்கு அப்படம் ஆஸ்கார் விருதையும் ஈட்டித் தந்தது. ஆகவே ‘புதையல் தீவு’ காண வந்த பார்வையாளர் சில்வரைக் காணும்போதே அந்தத் தந்தையையும் கண்டனர். பருத்த உடல், கரகரத்த குரல், கள்ளச் சிரிப்பு. வில்லனாக இருக்கும்போதே சிறுவனைச் செல்லம் கொஞ்சும் தோரணை. பீரியின் சில்வர், குடும்பத்துக்கு ஆகாத, ஆனால் குழந்தைக்குப் பிடித்த மாமனைப் போன்றவன்.

முடிவில் காவலில் இருக்கும் சில்வரை ஜிம்மே விடுவிக்கிறான், பிரிவாற்றாது அழுகிறான். தூக்குமரம் காத்திருக்கிறது என்று அறிந்த குழந்தையின் இரக்கம் சட்டத்தை வென்றுவிடுகிறது. இங்கே நன்மை முழுவதும் சிறுவனிடம் இருக்கிறது. சில்வர் மாறவேண்டிய தேவையே இல்லை. அவன் நேசிக்கப்பட்டால் போதும்.

தொல்காப்பியம் கூறும் மெய்ப்பாடுகளைக் கொண்டு அளந்தால், இப்படம் அழுகையின்மேல் நிற்பது. வறுமையும் வேலையின்மையும் சூழ்ந்த பொருளாதாரப் பெருமந்தக் காலத்து அமெரிக்கர்க்கு, தவறிய மனிதனை ஒரு குழந்தையேனும் மன்னிக்கும் காட்சி ஆறுதல் தந்திருக்கக்கூடும். ஆயினும் அவ்வாறுதலுக்கு ஒரு விலை உண்டு. நாவலின் சில்வரிடம் நமக்கு இருந்த அச்சம் கரைந்துவிடுகிறது. அஞ்சத்தகாத கள்வனை மன்னிப்பதில் அருமை என்ன?

திரைக்குப் பின்னால் நிலைமை வேறு. கூப்பர் 1981இல் வெளியிட்ட தன்வரலாற்றில், படப்பிடிப்புக்கு வெளியே பீரி தம்மிடம் பரிவு காட்டியவரல்லர் என்ற பொருள்பட எழுதினார். அத்தனை அன்பையும் சிறுவன் ஒருவனே சுமந்து நடித்திருக்கிறான் என்று எண்ணும்போது, அம்முடிவுக் காட்சி வேறொரு துயரத்தைப் பெறுகிறது.

1950: குரலின் சில்வர்

இரண்டாம் உலகப் போருக்குப்பின் பிரிட்டன் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டில் உழன்றது. அமெரிக்கப் படங்கள் அங்கே ஈட்டிய பணத்தை நாட்டுக்கு எடுத்துச் செல்ல அரசு வரம்பு விதித்தது. தேங்கிய பணத்தை அங்கேயே செலவிட எண்ணிய வால்ட் டிஸ்னி, பைரன் ஹாஸ்கின் இயக்கத்தில் இங்கிலாந்திலேயே ‘புதையல் தீவு’ படத்தை எடுத்தார். கேலிச்சித்திரக் காட்சி கலவாது, முழுதும் மனிதரே நடித்த டிஸ்னியின் முதற்படம் அது. வண்ணப் படமும் ஆகும். பணக்கட்டுப்பாடு ஒன்று இலக்கிய உருவமொன்றின் குரலையே மாற்றி அமைத்த விந்தை இதனால் நிகழ்ந்தது. இங்கிலாந்தில் எடுத்தமையால் சில்வருக்கு ஆங்கிலேய நடிகர் கிடைத்தார்.

அவரே ராபர்ட் நியூட்டன். 1905இல் டார்செட் மாவட்டத்தில் பிறந்து கார்ன்வாலில் வளர்ந்தவர். இங்கிலாந்தின் இம்மேற்குக் கரையோர மாவட்டங்கள் தலைமுறை தலைமுறையாக மாலுமிகளை ஈன்ற மண். பிரிஸ்டலும் பிளிமத்தும் அப்பகுதியின் துறைமுகங்களே. சில்வரின் மதுவிடுதி பிரிஸ்டலில் இருந்தது என்று நாவல் கூறுவதைப் பற்றிக்கொண்ட நியூட்டன், தம் இளமையில் கேட்ட வட்டார வழக்கை மிகைப்படுத்திப் பேசினார். ‘ர’கர ஒலியை நாவால் உருட்டி, அடித்தொண்டையிலிருந்து இழுத்து, உறுமலும் குழைவும் கலந்து அவர் பேசிய பேச்சு, பின்னாளில் கடற்கொள்ளையர் மொழி என்றே உலகம் முழுதும் நிலைபெற்றுவிட்டது. உண்மையில் கடற்கொள்ளையர் பல நாட்டினர், பல மொழியினர், அவர்களுக்கெனப் பொதுவான பேச்சு இருந்ததில்லை. நடிகர் ஒருவர் சொந்த மண்ணிலிருந்து எடுத்து வந்த ஒலி, வரலாற்றில் இல்லாத மொழியொன்றைப் படைத்தது. வட்டார வழக்கின் ஆற்றலை அறிந்த நம் எழுத்தாளர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இப்படத்தின் முடிவையும் காண்போம். சில்வர் புதையலின் ஒரு பகுதியோடு சிறு படகில் தப்ப முயல்கிறான். துப்பாக்கி முனையில் ஜிம்மைப் படகு செலுத்தச் சொல்கிறான். ஜிம் வேண்டுமென்றே படகை மணலில் ஏற்றிவிடுகிறான். தள்ளிவிடுமாறு மிரட்டுகிறான் சில்வர், சிறுவன் மறுக்கிறான். துப்பாக்கி உயர்கிறது. ஆனால் சுடுவதற்குக் கை எழவில்லை. ஒற்றைக்காலோடு தானே படகைத் தள்ள முயன்று தவிக்கிறான். அதைக் கண்ட ஜிம், தானே வந்து படகைத் தள்ளிவிடுகிறான்.

இங்கே சோதனைக்கு உள்ளாகிறவன் கள்வன். கொல்ல வல்லவன் என்று நாம் நம்பும் ஒருவன், கொல்லாமல் விடுகிறான். அச்சம் கடைசி நொடிவரை உயிரோடு இருப்பதால்தான் அந்தச் சிறு இரக்கம் நம்மை அசைக்கிறது. சிறுவனின் உதவி அதற்குப் பின்னரே வருகிறது. பீரியின் சில்வர் அன்பைப் பெற்றான். நியூட்டனின் சில்வர் அன்பைச் செலுத்தினான்.

ஜிம்மாக நடித்த பாபி டிரிஸ்கால் அமெரிக்கச் சிறுவன். பிரிட்டனில் வேலை செய்வதற்குரிய அனுமதி இல்லையென்று வழக்கு எழுந்து அபராதமும் விதிக்கப்பட்டதால், அவன் காட்சிகள் விரைந்து எடுக்கப்பட்டன. பின்னாளில் வாய்ப்பிழந்து, 1968இல் நியூயார்க்கில் 31 வயதில், அடையாளம் அறியப்படாமலே இறந்து புதைக்கப்பட்டார். நியூட்டனும் சில்வரிடமிருந்து மீளவில்லை. 1954இல் ஆஸ்திரேலியாவில் எடுக்கப்பட்ட படத்திலும், அதைத் தொடர்ந்த தொலைக்காட்சித் தொடரிலும் அவனையே மீண்டும் நடித்தார். குடி அவரை அரித்தது. 1956இல் 50 வயதில் மறைந்தார்.

களையப்பட்டது எது?

இரண்டில் எது சிறந்தது என்று கேட்டால், நியூட்டனின் சில்வரே என்பது என் கருத்து. பீரி மேலே பூசிய இனிமை, சில்வரை மூலத்தினின்றும் விலக்கிவிட்டது. நியூட்டன் இனிமையைச் சேர்க்கவில்லை, ஒலியைச் சேர்த்தார். ஸ்டீவன்சன் தம் நண்பரிடமிருந்து கவிதையைக் களைந்தாலும், அவருடைய பேச்சின் மிடுக்கை விட்டுவைத்திருந்தார். உரத்த சிரிப்பும் ஓயாத உரையாடலும் உடையவர் ஹென்லி என்பர். தம்மையறியாமலே நியூட்டன் தொட்டது அந்தக் கவிஞர் குரலின் எச்சத்தையே.

ஆனால் நட்பின் கதை அவ்வளவு நலமாக முடியவில்லை. 1888இல் ஸ்டீவன்சனின் மனைவி ஃபேனி வெளியிட்ட கதையொன்று, ஸ்டீவன்சனின் உறவுப்பெண் ஒருவருடைய கதையை ஒத்திருக்கிறது என்று ஹென்லி கடிதத்தில் குறிப்பிட்டார். பிறர் பொருளை எடுத்தாண்டதாகக் குறிப்புணர்த்திய அச்சொல் நட்பை முறித்தது. தம் உடற்குறையையே கதைக்கு ஈந்திருந்தவர் எழுப்பிய குற்றச்சாட்டு அது என்பது நினைக்கத்தக்கது. 1894இல் ஸ்டீவன்சன் தொலைவிலுள்ள சமோவாத் தீவில் மறைந்தார். அதே ஆண்டு ஹென்லியின் ஒரே மகள் மார்கரெட் ஐந்து வயதில் இறந்தாள். அக்குழந்தை மழலையில் திரித்துச் சொன்ன சொல்லிலிருந்தே, ஜே. எம். பாரி தம் ‘பீட்டர் பான்’ நாடகத்தின் வெண்டி என்னும் பெயரை அமைத்தார். ஒரே வீட்டிலிருந்து இரு கடற்கொள்ளையர் கதைகள் பொருள் கொண்டு சென்றன.

எழுத்தாளர் யாவரும் ஒருவகையில் கொள்ளையரே. நண்பரின் நடை, குரல், ஊனம், துயரம் எதையும் நாம் விட்டுவைப்பதில்லை. பத்தாண்டுகள் ஒரே கூடத்தில் அமர்ந்து கவிதை படித்துவரும் நம்மிடையேயும், ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்தவை எத்தனையோ இருக்கும். எடுத்ததை ஸ்டீவன்சனைப் போல வெளிப்படையாகச் சொல்லிவிடுவது முதற்கடன். எடுத்துக்கொண்ட இடத்தில் நட்பை விட்டுவைப்பது அதனினும் அரிய கடன். அவ்விரண்டாவதில் அப்பெரியோர் இருவரும் தவறினர்.