ரூபாய்க்கு ஓரணா

“சிறுதுளி பெருவெள்ளம்” என்பது நம் முன்னோர் மொழி. அதனைக் கேட்டு வளர்ந்த நமக்கு, உழைப்பவர் கையில் காசு தங்கவில்லையெனில் அவரது ஊதாரித்தனமே காரணம் என எண்ணத் தோன்றுகிறது. நாம் பிழைக்க வந்த இம்மும்பை மாநகரின் ஆலை வரலாறோ வேறொன்றைச் சொல்கிறது.

1854ஆம் ஆண்டில் கவாஸ்ஜி தாவர் இந்நகரின் முதல் பஞ்சாலைக்கு வித்திட்டார். பின்னர் பரேல், லால்பாக், வொர்லி முதலிய இடங்களில் ஆலைகள் பெருகின. இரத்தினகிரி, சத்தாரா மாவட்டங்களிலிருந்து உழவர் மக்கள் திரண்டு வந்தனர். வேலை கொடுப்பது மேஸ்திரியின் கையில் இருந்தது. அவருக்குக் கையூட்டு அளித்தே பலர் ஆலைக்குள் நுழைந்தனர். ஒரு மாதம் உழைத்த கூலி, அடுத்த மாதம் பத்துத் தேதிக்கு மேல்தான் கிடைக்கும். அதுவரை மளிகைக் கடையில் கடன். கடை மறுத்தால் வட்டிக்காரர். ஆகவே முதற்கூலியைக் காணுமுன்னரே தொழிலாளி கடனாளியானார். நிலையான இடமில்லாத ‘பத்லி’ தொழிலாளியின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பிறர் வராத நாளில்தான் அவருக்குக் கூலி.

1929இல் விட்லி என்பார் தலைமையில் அமைந்த ராயல் கமிஷன், 1931இல் தன் அறிக்கையை வெளியிட்டது. தொழில் நகரங்கள் பெரும்பாலானவற்றில் மூன்றில் இரு பங்கினருக்குக் குறையாதோர் கடன்பட்டிருந்தனர் என்றும், அக்கடன் பெரும்பாலும் மூன்று மாதக் கூலியை விஞ்சியது என்றும் அது கணித்தது. ரூபாய்க்கு மாதம் ஓரணா வட்டி என்பது அந்நாளில் சாதாரணம். இருபது ரூபாய்க் கடனுக்கு ஆண்டுக்குப் பதினைந்து ரூபாய் வட்டி! அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1882 முதலே திறந்திருந்தது. போடுவதற்குத்தான் காசு இல்லை.

மாற்றம் அறவுரையால் வரவில்லை; சட்டத்தால் வந்தது. 1936ஆம் ஆண்டின் கூலி வழங்கற் சட்டம், கூலிக்காலம் முடிந்து பெரிய ஆலைகளில் பத்து நாட்களுக்குள்ளும், ஆயிரம் பேருக்குக் குறைந்தவற்றில் ஏழு நாட்களுக்குள்ளும் கூலி தர வேண்டும் என்றது. 1952ஆம் ஆண்டின் வருங்கால வைப்புநிதிச் சட்டம் பஞ்சாலைகளையும் உள்ளடக்கியது. தொழிலாளியின் பங்கு தொடக்கத்தில் நூற்றுக்கு ஆறே கால். அதாவது கூலியில் ரூபாய்க்கு ஓரணா! முதலாளியும் அதே அளவு சேர்த்தார். வட்டிக்காரரின் பெட்டியை நிரப்பிய ஓரணா, இப்பொழுது தொழிலாளியின் பெயரிலேயே சேர்ந்தது. அவர் குணம் மாறவில்லை. கூலி வரும் வழியும் போகும் வழியும் மாறின.

1982இல் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்திற்குப் பின் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. இன்று இந்நகரில் நாட்கூலிக்கு உழைப்போர் பலருக்கு வைப்புநிதியும் இல்லை, நிலையான சம்பள நாளும் இல்லை. பழைய பத்லியின் வாழ்வு வேறு உருவில் தொடர்கிறது.

அன்பர்களே! நம் இல்லத்திலும் கடையிலும் பணிபுரிவோர்க்கு உரிய கூலியை உரிய நாளில் கொடுப்போம். அவசரத்திற்கு முன்பணம் கேட்டால் வட்டியின்றி உதவுவோம். சிக்கனம் பற்றிய அறிவுரை அதற்குப் பின்னர் இருக்கட்டும்.