யானை ஊருக்குள் வந்ததா.. ஊர் யானைப் பாதைக்குள் போனதா? சீகூர் வழித்தடத்தில் என்னதான் பிரச்னை?

மசினகுடி, பொக்காபுரம், வாழைத்தோட்டம், மாவனல்லா.. நீலகிரியின் இந்த ஊர்ப் பெயர்கள் செய்தியில் அடிபட்டாலே கூடவே இரண்டு வார்த்தைகளும் வரும். ஒன்று யானை, இன்னொன்று ரிசார்ட். ‘யானை ஊருக்குள்ள புகுந்துடுச்சு' என்று ஒருபக்கம், ‘அதோட வழியில கட்டடம் கட்டினா அது எங்கதான் போகும்?' என்று இன்னொரு பக்கம். 2010ல் அரசாணை, 2011ல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு, 2020ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என வரிசையாக வந்த பிறகும் விவகாரம் ஓய்ந்தபாடில்லை. இந்த ஒரு இடத்துக்கு ஏன் இவ்வளவு சண்டை? மேப்பைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும்.

இடுப்பு மாதிரி ஒரு நிலம்

சீகூர் பீடபூமிக்குத் தெற்கே, செங்குத்தாக எழும் நீலகிரி மலைச்சரிவு. வடக்கே, மாயாறு ஆழமாக வெட்டிச் செல்லும் பள்ளத்தாக்கு. குட்டிகளோடு நகரும் யானைக்கூட்டம் இரண்டிலுமே ஏறி இறங்கிப் போக முடியாது. மிச்சம் இருப்பது நடுவில் உள்ள சமவெளி மட்டும்தான். அதன் மேற்கே முதுமலை, பந்திப்பூர், வயநாடு; கிழக்கே சத்தியமங்கலம். மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் இந்தப் பக்கத்தில்தான் கைகோர்க்கின்றன. உலகிலேயே ஆசிய யானைகள் அதிகம் வாழும் பகுதியும் இதுதான்.

சரி, யானை ஏன் ஒரே காட்டில் இருக்கக்கூடாது? வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு சுமார் 150 கிலோ தீனி வேண்டும். தண்ணீர் 100 லிட்டருக்கு மேல். தென்மேற்குப் பருவமழை வயநாடு பக்கம் கொட்டும்போது சீகூர் மழை மறைவில் காய்ந்து கிடக்கும். வடகிழக்குப் பருவமழைக்குத்தான் இங்கே புல் தழைக்கும். மழை எங்கேயோ மேய்ச்சல் அங்கே. இதைத்தான் வலசை என்கிறோம். போகிற வழியெல்லாம் சாணத்தில் விதைகளை விட்டுச் செல்வதால், காட்டின் மரங்களும் யானையோடு சேர்ந்துதான் நடக்கின்றன. அதே பாதையில் புலியும் செந்நாயும் கூட போய் வருகின்றன.

ஒரு ரிசார்ட் அப்படி என்ன செய்துவிடும்?

தனியாக ஒரு காட்டேஜைப் பார்த்தால் பெரிதாகத் தெரியாதுதான். ஆனால் அதைச் சுற்றி சோலார் வேலி, பக்கத்து இடத்துக்கு இன்னொரு வேலி, அதற்கடுத்து இன்னொன்று என்று வந்தால், குறுகலான நிலத்தில் யானைக்கு மிஞ்சுவது சந்துதான். இரவில் லைட், கேம்ப் ஃபயர், பாட்டுச் சத்தம் வேறு. வழி அடைபட்டால் யானை திரும்பிப் போய்விடும் என்று நினைப்பது தப்புக்கணக்கு. அது வேலி இல்லாத இடமாகப் பார்த்து, அதாவது வேலி போட வசதியில்லாத விவசாயியின் தோட்டம் வழியாக நடக்கும். இந்தியாவில் ஆண்டுதோறும் யானை தாக்கி சுமார் 500 பேர் இறக்கிறார்கள். இதில் பெரும்பாலானோர் காட்டோர ஏழைகள். வார இறுதிக்கு வந்து போகிறவர்கள் அல்ல.

யானைக்கும் இதே கதிதான். 2021 ஜனவரியில் மசினகுடியில் எரியும் டயர் வீசப்பட்டதில் ஒரு ஆண் யானை காதும் தலையும் வெந்து செத்தது. அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கோர்ட் என்ன சொன்னது?

2010 ஆகஸ்ட் 31ல் தமிழக அரசு இந்தப் பகுதியை யானை வழித்தடமாக அறிவித்தது. ரிசார்ட் உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். 2011ல் சென்னை உயர் நீதிமன்றம் அரசாணையை உறுதி செய்தது. வழக்கு டெல்லி போனது. 2018ல் 11 விடுதிகளுக்கு சீல் வைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020 அக்டோபர் 14ல் இறுதித் தீர்ப்பு: அரசாணை செல்லும், ரிசார்ட்டுகள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். தனிப்பட்ட ஆட்சேபனைகளை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு. யார் பட்டாவில் எவ்வளவு என்று ஒவ்வொரு ஃபைலாகப் பார்ப்பதில்தான் ஆண்டுகள் ஓடுகின்றன.

கட்டடத்தை இடித்தால் போதுமா?

போதாது. வேலி போன இடத்தில் உண்ணிச்செடியும் மஞ்சள்கொன்றையும் மண்டிக் கிடந்தால் புல் முளைக்காது. தின்ன எதுவும் இல்லாத வழியில் யானை நிற்காது. அதனால்தான் முதுமலையில் இந்த அந்நியச் செடிகளை அகற்றும் வேலை நடக்கிறது. பந்திப்பூர் வழியாகப் போகும் சாலைகளில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துத் தடை இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

சாலையை நிறுத்தவே முடியாத இடங்களில் வேறு வழி. நம்ம கன்னியாகுமரி வரை வரும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, மத்திய இந்தியாவில் பெஞ்ச் புலிகள் காப்பகத்தைக் கடக்கிறது. அங்கே சாலையைத் தூணில் தூக்கி, அடியில் விலங்குகள் போக 9 இடங்களில் வழி விட்டிருக்கிறார்கள். மிக நீளமானது 750 மீட்டர். புலியே அந்த வழியாக நடப்பது கேமராவில் பதிவாகியிருக்கிறது. வால்பாறையில் இன்னும் எளிமை. தேயிலைத் தோட்டங்களால் துண்டான காடுகளுக்கு நடுவே, சிங்கவால் குரங்குகள் சாலையில் இறங்கி அடிபடாமல் இருக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள்.

அப்போ ஊர்க்காரர்கள்?

சிக்கலே இங்கேதான். ரிசார்ட்டையும், தலைமுறையாக அங்கே வாழும் இருளர், குறும்பர் வீட்டையும், சிறு விவசாயியின் இரண்டு ஏக்கரையும் ஒரே கோட்டுக்குள் அடைத்தால் எதிர்ப்பு வராமல் இருக்குமா? 2024ல் தமிழகத்தில் 42 யானை வழித்தடங்களைப் பட்டியலிட்டு வரைவு அறிக்கை வந்தபோது கூடலூர், பந்தலூர் பகுதிகளில் போராட்டம் வெடித்தது. கருத்துச் சொல்லக் கொடுத்த அவகாசம் சில நாட்கள்தான். அறிக்கை ஆங்கிலத்தில் இருந்ததும் கோபத்தைக் கூட்டியது. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

எல்லையைத் தாண்டினால் வயநாட்டில் திருநெல்லி-குத்ரகோட் வழித்தடத்தில் வேறு மாதிரி நடந்தது. ஒரு தொண்டு நிறுவனம் அங்கிருந்த நான்கு குடியிருப்புகளின் மக்களிடம் பேசி, அவர்கள் சம்மதத்தோடு நிலத்தை வாங்கியது. வேறு இடத்தில் வீடும் விவசாய நிலமும் கொடுத்தது. அதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. காலியான அந்த வயல்களில் இப்போது யானைகள் மேய்கின்றன.