ஆலையூரும் அங்காடியும்

மும்பை மாநகரின் லோவர் பரேல் பகுதியிலுள்ள பீனிக்ஸ் வணிக வளாகத்துட் புகுவோர் முதலிற் காண்பன ஒளிமிக்க கடைகளும் உணவுச்சாலைகளுமே. சற்றே அண்ணாந்து நோக்குவார்க்கு அவற்றிடையே பழைய புகைபோக்கியொன்று புலனாகும். 1905 ஆம் ஆண்டிலே தோன்றிய பீனிக்ஸ் பஞ்சாலையின் எச்சம் அது.

மும்பையின் முதற் பஞ்சாலையை நிறுவியவர் கவாஸ்ஜி தாவர் என்னும் பார்சி வணிகராவர். அவ்வாலை 1856 இல் இயங்கத் தொடங்கிற்று. பின்னர் ஆலைகள் பல்கவே, கொங்கணத்துச் சிற்றூர்களினின்றும் உழவர்குடியினர் திரண்டு வந்து, 'சால்' எனப்படும் ஒற்றையறைக் குடியிருப்புக்களில் நெருங்கி வாழ்ந்தனர். மனைவி மக்களை ஊரில் விட்டுத் தனியே வந்தோர்க்கு மகளிர் சிலர் மாதக் கட்டணத்துக்கு உணவு சமைத்தளித்தனர். ஆலை முதல்வரின் சரிதம் எழுதுவோர் இம்மகளிரை மறந்துவிடுவர். அவரின்றேல் எத்தனை தறிகள் ஓடியிருக்கும்? 'கிரண்காவ்', அஃதாவது ஆலையூர், என்பதே அப்பகுதிக்கு மக்கள் இட்ட பெயர்.

1982 சனவரி 18 ஆம் நாள், தத்தா சாமந்தின் தலைமையில், ஏறத்தாழ இரண்டரை இலட்சம் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். அது முடிவுற்றதென முறைப்படி ஒருவரும் அறிவித்திலர். ஆலைகள் அழிந்தமைக்கு அதனையே காரணமாகக் கூறுவாருளர். அக்கூற்றுப் பொருந்தாது. பொறிகளைப் புதுப்பியாமை, பீவண்டி முதலிய இடங்களின் விசைத்தறிப் போட்டி என்பன முன்னரே ஆலைகளை நலிவித்தன. நிலத்தின் விலையோ துணியின் விலையை விஞ்சி ஏறிற்று.

இந்நிலத்துக்கென 1991 இல் விதியொன்று பிறந்தது. ஆலைநிலத்தைப் புதிதாகப் பயன்படுத்துங்கால், நகரின் வெளியிடங்களுக்கு ஒரு பங்கும், பொது வீடமைப்புக்கு ஒரு பங்கும், உரிமையாளர்க்கு ஒரு பங்கும் சேரல் வேண்டுமென்பது அதன் கருத்து. ஆயினும், நிற்குங் கட்டடத்தை வணிகத்துக்கு மாற்றுவார்மீது இப்பங்கீடு செல்லவில்லை. பழைய ஆலைக்கூடங்கள் கடைகளாதற்கு வரலாற்றுணர்வைக் காட்டிலும் இவ்வாயிலே பெரிதும் துணைசெய்தது எனலாம். 2001 இல் விதி மீண்டுந் திருத்தப்பெற்று, வெற்றுநிலம் மட்டுமே பங்கீட்டுக்குரியதாயிற்று. நகருக்குரிய பங்கு வெகுவாகச் சுருங்கிற்று. 2005 இல் மும்பை உயர்நீதிமன்றம் வழக்குத் தொடுத்தோர் பக்கம் நின்றது. 2006 இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது.

தொழிலாளர்க்கென எழுந்த வீடுகள் சில 2012 இற் குலுக்கல்முறையில் வழங்கப்பெற்றன. விண்ணப்பித்தோர் தொகை வீடுகளின் தொகையினும் பன்மடங்காயிருந்தது. அவருட் பலர், தறியருகே நின்றறியாத பிள்ளைகள். மறைந்த தந்தையரின் பெயரால் விண்ணப்பித்தவர்கள்.