சொத்து வரி (வடசென்னை)

கட்டடம், காலிமனை ஆகியவற்றின் உரிமையாளர்கள் பெருநகர சென்னை மாநகராட்சிக்கு ஆண்டுக்கு இருமுறை செலுத்தும் வரி. முதல் அரையாண்டு ஏப்ரலிலும் இரண்டாம் அரையாண்டு அக்டோபரிலும் தொடங்கும். தெருவுக்கென நிர்ணயித்த அடிப்படைக் கட்டணம், கட்டடப் பரப்பு, பயன்பாடு (குடியிருப்பா, வணிகமா) முதலியவற்றைக் கொண்டு ஆண்டு மதிப்புக் கணக்கிடப்படுகிறது.

வடசென்னையில் இராயபுரம் பழைய மாநகராட்சிப் பகுதி. திருவொற்றியூரும், எண்ணூரை உள்ளடக்கிய கத்திவாக்கமும் தனி நகராட்சிகளாக இருந்து 2011இல் இணைந்தவை. இந்த வேறுபாடு 2022 வரிச் சீராய்வில் எதிரொலித்தது: 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு இராயபுரத்தில் 50 விழுக்காடும் எண்ணூரில் 25 விழுக்காடும் உயர்ந்தது. 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு உயர்வு முறையே 150, 100 விழுக்காடு.

குடிநீர், கழிவுநீர் வரியும் கட்டணங்களும் சொத்து வரியில் அடங்கா. 1978இல் அமைந்த சென்னைக் குடிநீர் வாரியம் அவற்றைத் தனியே வசூலிக்கிறது. எனவே ஒரே வீட்டுக்கு இரு அலுவலகங்களில் இரு கணக்குகள் உண்டு. சொத்து வரி ரசீது வரி செலுத்தியதற்கான சான்று மட்டுமே. அது உரிமைப் பத்திரம் ஆகாது.