நேட்டால் குடிபெயர்வும் பழைய சேலம் மாவட்டமும்

பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் சேலம் மாவட்டத்துக் குடியானவர்கள் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன வரலாறும், அவர்கள் வழிவந்தோர் பூர்விக ஊரைத் தேடும் முறையும் இங்கே கூறப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, சேர்வராயன் மலையின் வடக்கு அடிவாரத்தில் உள்ள பொம்மிடி இன்று தருமபுரி மாவட்டம், பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில் இருக்கிறது. தருமபுரி தனி மாவட்டமானது 1965-இல்தான். அதற்கு முன் இந்தப் பக்கமெல்லாம் சேலம் ஜில்லா. நேட்டாலுக்குப் போனவர்களை எழுதிவைத்த கப்பல் பதிவேட்டில் தருமபுரி மாவட்டத்தைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. சேலத்தைத் தேட வேண்டும்.

ஒப்பந்தக் கூலி முறை ஆங்கிலேயர் தம் சொந்த மக்களிடமே பழகிப் பார்த்தது. 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஏழைகள் கப்பல் கட்டணத்துக்கு ஈடாக நான்கு முதல் ஏழு ஆண்டுகள் உழைக்க ஒப்புக்கொண்டு வர்ஜீனியா, மேரிலாந்து புகையிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். பிரிஸ்டல் துறைமுகத்தில் 1654 முதல் 1686 வரை எழுதப்பட்ட பதிவேடுகளில் அப்படிப் போன 10,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் உள்ளன. அமெரிக்கக் குடும்பங்கள் பல தங்கள் மூதாதையரை அந்த ஏடுகளில்தான் தேடுகின்றன. சேலத்துக் குடும்பங்களுக்கு அப்படி ஓர் ஏடு உண்டு. அது இருப்பது டர்பனில்.

நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டதும், சென்னையிலிருந்து வந்த இருப்புப்பாதை ஜோலார்பேட்டையைத் தாண்டிச் சேலத்தை எட்டியதும் ஏறக்குறைய ஒரே காலம், 1860-ஐ ஒட்டிய ஆண்டுகள். ரயில் வந்தபின் இந்த வட்டாரத்துக்குச் சென்னைத் துறைமுகம் கிட்டத்து ஊராகிவிட்டது. ‘ட்ரூரோ’ என்ற முதல் கப்பல் 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து 342 பேருடன் புறப்பட்டு நவம்பர் 16-இல் டர்பனைச் சேர்ந்தது. 1866-இல் ஆள் அனுப்புவது நின்றது. ஒப்பந்தம் முடிந்து திரும்பியவர்கள் 1871-இல் சென்னையில் சொன்ன புகார்களால் விசாரணை நடந்து, 1874-இல் மீண்டும் தொடங்கியது. 1911-இல் அடியோடு நிறுத்தப்பட்டது. மொத்தம் போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் சென்னை மாகாணத்தார். வட ஆர்க்காடு, செங்கல்பட்டு, தஞ்சாவூர், விசாகப்பட்டினம் ஆகியவற்றோடு சேலத்தின் பெயரும் பதிவேட்டில் வருகிறது.

சேலத்து மக்களை ஊரைவிட்டுக் கிளப்பியதில் பெரும்பங்கு பஞ்சத்துக்கு. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் இந்த ஜில்லாவை உலுக்கி எடுத்தது. 1871 குடிக்கணக்கில் 19,66,995 ஆக இருந்த மக்கள்தொகை 1881-இல் 15,99,595 ஆகக் குறைந்தது. கேழ்வரகும் கம்பும் மானாவாரியில் விளைந்த நாடு இது. மழை பொய்த்தால் அடுத்த போகம்வரை கையில் எதுவும் மிஞ்சாது. நிவாரண வேலையில் ஆண் ஒருவருக்கு நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் என்று அரசு குறைத்திருந்தது. நேட்டாலில் சோறு, தங்குமிடம் போக முதலாண்டு மாதம் 10 ஷில்லிங் என்று ஆள்பிடிப்பவர் சொன்னபோது கேட்டவர்கள் ஏமாளிகள் என்று சொல்வது நியாயமில்லை. பிறகு நடந்தது வேறு கதை. ஒப்பந்தம் முடித்து அங்கேயே தங்க விரும்புவோருக்கு 1895-இல் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி விதித்தார்கள். முதலாண்டுச் சம்பளக் கணக்கில் அது ஆறு மாதக் கூலி. 1913-இல் காந்தி நடத்திய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 1914-இல்தான் அந்த வரி ஒழிந்தது.

பதிவேட்டின் ஒரு வரி ஓர் ஆள். முதலில் குடியேற்ற எண். பிறகு பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம். கடைசியில் உடல் அடையாளம்: நெற்றியில் தழும்பு, இடது முழங்காலில் வெட்டுக்காயம், இப்படி. எழுதியவருக்கு அந்த ஊர்கள் தெரியாது. சொன்னவருக்கு எழுத்து தெரியாது. கிராமப் பெயர்கள் சிதைந்துபோனது இப்படித்தான். வயது பெரும்பாலும் குத்துமதிப்பு. சாதியும் முழுக்க நம்பத்தக்கதல்ல. கணவன் மனைவி என்று அடுத்தடுத்த வரிகளில் வருவோரையும் ஊரிலிருந்தே சேர்ந்து கிளம்பியவர்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற விதி இருந்தது. சென்னை டிப்போவில் கப்பலுக்குக் காத்திருந்த நாட்களில் அமைந்த உறவுகளும் உண்டு.

ஊரில் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை. நேட்டாலில் அது வேண்டியிருந்தது. கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனார், படையாட்சி ‘படையாச்சி’ ஆனார். சில வீடுகளில் தகப்பன் பெயரே நிலைத்தது. ஆகவே உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளுக்குக்கூட வேறு வேறு குடும்பப் பெயர்கள் இருக்கலாம். மாறாதது எண் ஒன்றுதான். இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் அலுவலகம் கொடுத்த பிறப்பு, திருமணச் சான்றுகளில் பெற்றோரின் எண் இருக்கும்; அதைப் பிடித்தால் கப்பலும் ஊரும் கிடைக்கும். 1860 முதல் 1902 வரையிலான பட்டியல்களை சுரேந்திர பானா ஆராய்ந்து 1991-இல் நூலாக்கினார்.

சேலம் ஜில்லாவிலிருந்து இலங்கை மலையகத்துக்குப் போனவர்களுக்கு இந்த வசதி கிடையாது. ஆள் சேர்க்கும் கங்காணியோடு கூட்டமாக நடந்து கடற்கரை சேர்ந்து, கடல் தாண்டி, மறுபடி காட்டுவழி நடந்து தோட்டம் போனவர்களை ஆள் ஆளாக எழுதிவைக்க யாரும் மெனக்கெடவில்லை. பின்னாளில் அடையாளமாகக் கொடுத்த தகரத் துண்டில் தோட்டமும் எண்ணும் இருந்தன. பிறந்த ஊர் இல்லை. கூடுதல் பேர் போன இடத்துக்குக் குறைவான பதிவு. அங்கே வாய்வழி நினைவும் குலதெய்வத்தின் பெயருமே சாட்சி.

நேட்டாலிலிருந்து திரும்பியவர்களின் கதையும் இனிப்பானதல்ல. 1927 கேப்டவுன் உடன்பாட்டின்படி, திரும்பிப் போகும் பெரியவர் ஒவ்வொருவருக்கும் 20 பவுண்டு கொடுத்து அனுப்பினார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஊரும் உறவும் புதிது. சாதிக் கட்டுப்பாடு பலரை ஊருக்குள் சேர்க்கவில்லை. சென்னைச் சேரிகளில் ஒண்டியவர்கள் ஏராளம். பவானி தயாள் சன்னியாசியும் பனாரசிதாஸ் சதுர்வேதியும் இந்த நிலையை 1931-இல் அறிக்கையாக வெளியிட்டார்கள்.

பங்காளி வகையறாக் கணக்கும் குலதெய்வக் கோயில் வரிக் கணக்கும் இன்னும் வைத்திருக்கும் பொம்மிடிப் பக்கத்துப் பெரியவர்கள், அவற்றை ஒரு நோட்டில் தெளிவாக எழுதிவைத்தால் நல்லது. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பூர்விகம் தேடி வருகிறவரை ஊர் ஊராக அலையவிடாதீர்கள்; முதலில் டர்பனுக்கு எழுதி எண்ணை வாங்கிவரச் சொல்லுங்கள்.