துரையின் இடுப்பில் இருந்தது

தஞ்சோங் டாவாயில் நெத்திலி வாங்க நின்றிருந்தபோது நண்பன் கேட்டான்: “டேய், நம்ம நாட்டுல ஒரு பிஸ்டல் எடுக்கணும்னா லைசன்ஸ் கெடைக்குமா?”

போன மாதம் அவன் வீட்டில் திருடர்கள் புகுந்துவிட்டார்கள். அம்மாவும் தங்கையும் உள்ளே தூங்கிக்கொண்டிருக்க, சமையலறை ஜன்னல் கம்பியை அறுத்து உள்ளே வந்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கம் இல்லை. இரவெல்லாம் அமெரிக்கக்காரர்களின் வீடியோக்களைப் பார்க்கிறான். வீட்டுக்கு முதல் கைத்துப்பாக்கி எது நல்லது, ரிவால்வரா, மெகசின் போடும் பிஸ்டலா, கை சின்னதாக இருந்தால் எது, எல்லாம் மனப்பாடம்.

நான் மெக்கானிக்கல் படித்தவன். இயந்திரமாக மட்டும் பார்த்தால் பதில் சொல்வது சுலபம். ரிவால்வரில் உருளை சுழல்கிறது, விசையை இழுத்தால் சுடுகிறது, அவ்வளவுதான். மாதக்கணக்கில் நிரப்பியே வைத்திருந்தாலும் சிக்கல் குறைவு. மெகசின் பிஸ்டலில் அதிகத் தோட்டாக்கள் கொள்ளும். ஆனால் மேல்பாகத்தை இழுத்து முதல் தோட்டாவை ஏற்றணும், பாதுகாப்புப் பூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று பதற்றத்திலும் ஞாபகம் இருக்கணும். இதையெல்லாம் சொல்லலாம். ஆனால் அமெரிக்கக்காரன் கடையில் நின்று ‘எது’ என்று கேட்கிறான். அங்கே 2008-ல் உச்ச நீதிமன்றமே, தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது குடிமகனின் உரிமை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. கெடாவில் வாழும் தமிழனுக்கு ‘எது’ என்பதற்கு முன்னால் ‘யார்’ என்ற கேள்வி நிற்கிறது. அந்தக் கேள்வி நேற்று வந்ததல்ல.

அதன் தொடக்கம் மலாயாவில் இல்லை. 1801-ல் பாளையக்காரர் போர் முடிந்ததும், தென் தமிழகத்தில் கோட்டைகளை இடிக்கவும் மக்களிடமிருந்து ஆயுதங்களைப் பறிக்கவும் கம்பெனி அரசு உத்தரவிட்டது. 1878-ல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டப்படி இந்தியன் துப்பாக்கி வைக்க உரிமம் வேண்டும், ஐரோப்பியனுக்கு விலக்கு. 1909-ல் கெடா பிரிட்டிஷார் கைக்கு வந்து, பீடோங், சுங்கை பட்டாணி, கூலிம் பக்கமெல்லாம் கித்தா மரங்கள் எழுந்தபோது கப்பலேறி வந்தவர்கள் அந்தச் சட்டத்தின் கீழ் வாழ்ந்த மக்கள்தாம். ‘ஆயுதம் என்றால் துரைக்கு’ என்பது அவர்களுக்கு மரம், மழை போல இயல்பாகியிருந்தது.

அந்த இயல்பை உடைத்தது ஜப்பான்காரன் காலம். 1943-ல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றபோது தோட்டங்களிலிருந்து தமிழ் இளைஞர்கள் போய்ச் சேர்ந்தார்கள். ஜான்சி ராணிப் படையில் பால் வெட்டிய பெண்களும் இருந்தார்கள். உளி பிடித்த கை முதன்முறையாகத் துப்பாக்கி பிடித்தது. 1945-ல் போர் முடிந்தது, துப்பாக்கிகள் போய்விட்டன. நிமிர்ந்து நிற்கும் பழக்கம் மட்டும் லயத்துக்குத் திரும்பி வந்தது.

அதைக் கெடாவில் கண்ணால் பார்க்க முடிந்தது. தஞ்சோங் டாவாயிலிருந்து மெர்போக், செமலிங் வழியாகச் சடக்கில் போனால் பீடோங் வரும். அந்த வட்டாரத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை உருவானது. கள்ளுக்கடையை மூடு என்பதுதான் அவர்களின் முதல் குரல். அணிவகுத்து நடந்தார்கள். கையில் இருந்தது கம்புதான், துப்பாக்கி இல்லை. ஆனாலும் நிர்வாகத்துக்கு அது ஒரு படையாகத்தான் தெரிந்தது. 1947-ன் தொடக்கத்தில் பீடோங் வட்டாரத்தில் போலீஸுக்கும் தொழிலாளர்களுக்கும் மோதல்கள் நடந்தன. ஏப்ரலில் டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டதில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார். அவசரகாலம் பிறக்க இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது. காட்டிலிருந்து யாரும் வந்து அவர்களுக்குத் துப்பாக்கி கொடுத்திருக்கவில்லை.

1948 ஜூன் 16 அன்று பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சில நாட்களுக்குள் நாடு முழுவதும் அவசரகாலம். துரைமார்களின் பயம் பொய்யில்லை. தனி பங்களா, சுற்றிலும் மரம், அதற்குப் பின்னால் காடு. யார் எங்கிருந்து வருவான் என்று தெரியாது. அந்தப் பயத்தை அரசாங்கம் உடனே காதில் வாங்கியது. துரைகளின் இடுப்பில் ரிவால்வர் ஏறியது. பங்களாவுக்கு முள்வேலியும் விளக்கும் வந்தன. ஸ்டென் துப்பாக்கிகள் வந்தன. போர்க்காலத்தில் மலிவாகச் செய்த அந்தச் சாமான் கீழே விழுந்தாலே வெடிக்கும் என்று பெயர் எடுத்தது. தோட்டங்களைக் காக்க ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் பல்லாயிரக்கணக்கில் எடுக்கப்பட்டார்கள். பெரும்பாலும் மலாய் இளைஞர்கள்.

லயத்தில் இருந்தவனுக்கும் பயம் இருந்தது. அவனுக்கு இரண்டு பக்கமும் பயம். காட்டிலிருந்து வருகிறவன் அரிசி கேட்பான், சந்தா கேட்பான். கொடுக்காவிட்டால் காட்டிக்கொடுப்பவன் என்பான். கொடுத்தால் காலையில் மாத்தா வந்து நிற்பான். அவசரகாலத்தின் 12 ஆண்டுகளில் சுமார் 2,500 பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். அதில் மண்டோர்களும் பால் வெட்டுக்காரர்களும் உண்டு. அவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு, லயங்களை ஓரிடத்தில் குவித்து முள்வேலி போட்டது. வேலிக்கு வெளியே சோறு கொண்டுபோகக் கூடாது என்ற கட்டுப்பாடும் பல இடங்களில் இருந்தது. கேட்டில் வாளியைத் திறந்து காட்டணும்.

என் பாட்டி அப்போது சிறுமி. “தொர பங்களாவுக்கு அப்பாகூட ஒருநா போனேன். மேச மேல துப்பாக்கி கெடந்துச்சு. அதப் பாக்காத மாதிரி நிக்கணும்னு அப்பா கைய அழுத்துனாரு” என்பார். அதைத் தொடுவது குற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். பார்ப்பதே குற்றம் என்று அந்த மனிதர் நினைத்திருக்கிறார். அவர் நினைத்ததில் காரணம் இருந்தது.

அவசரகால விதிகளின்படி அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் மரண தண்டனை. யாரையும் சுட்டிருக்க வேண்டியதில்லை. மடியில் இருந்தாலே போதும். வைத்திருப்பவனோடு சேர்ந்து திரிந்தால் அதுவும் கடும் குற்றம்.

எஸ். ஏ. கணபதியின் கதை இங்கேதான் வருகிறது. தஞ்சை மாவட்டத்தில் பிறந்தவர், சின்ன வயதில் மலாயா வந்தவர், இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர். அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர். 1948 ஜூனில் சம்மேளனத்தின் பதிவை அரசு ரத்து செய்தது. 1949 மார்ச் 1 அன்று ரவாங் அருகே வாட்டர்ஃபால் தோட்டத்தில் அவர் கைதானார். அவரிடம் இருந்ததாகச் சொல்லப்பட்டது ஒரு ரிவால்வர், 6 தோட்டாக்கள். உருளையை ஒரே ஒருமுறை நிரப்பினால் தீர்ந்துபோகும் கணக்கு. விசாரணை அதே மாதத்தில் முடிந்தது. தண்டனையைக் குறைக்கச் சொல்லி இந்திய அரசு கேட்டுப் பார்த்தது. மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அதற்கு முந்தைய நாள்தான் அவருடைய தோழர் வீரசேனன் நெகிரி செம்பிலானில் பாதுகாப்புப் படையால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அவசரகாலம் முடிவதற்குள் 200-க்கும் மேற்பட்டோர் தூக்கு மேடை ஏறினார்கள்.

கணபதி அந்த ரிவால்வரை எதற்கு வைத்திருந்தார் என்பது விவாதத்துக்குரியது. அவரைக் குற்றமற்ற தியாகியாகவோ காட்டுக்குக் கிளம்பிய போராளியாகவோ எழுதிவிட்டு நகர்வது எளிது. எனக்கு வேறொன்று உறுத்துகிறது. அதே ஆண்டு, அதே மாதிரியான ஒரு தோட்டத்தில், பங்களாப் படியில் நின்ற துரையின் இடுப்பிலும் ரிவால்வர் இருந்தது. இரும்பு ஒன்று, உருளை ஒன்று, ஒரு பொறியாளனாக நான் எத்தனை முறை பிரித்து வைத்துப் பார்த்தாலும் உள்ளே வித்தியாசம் இல்லை. வித்தியாசம் ஒரு தாளில் இருந்தது. ஒருவனுடைய பயத்துக்கு அந்தத் தாளில் ‘தற்காப்பு’ என்று பெயர். இன்னொருவனுடைய பயத்துக்குப் பெயரே இல்லை.

இதில் ஒரு முரண் உண்டு. மெக்காலே வரைந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வழிவந்ததுதான் நம் குற்றவியல் சட்டம். அதன் 96 முதல் 106 வரையான பிரிவுகள் தன்னையும் பிறரையும் உடைமையையும் காத்துக்கொள்ளும் உரிமையை எல்லோருக்கும் தருகின்றன. கூலிக்கும் துரைக்கும் ஒரே வாசகம். உரிமையை எல்லோருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு, அதற்கான கருவியை மட்டும் ஆள் பார்த்துக் கொடுத்தார்கள்.

1960 ஜூலை 31-ல் அவசரகாலம் முடிந்தது. அதே ஆண்டில் ஆயுதச் சட்டமும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. பாதுகாப்புப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் மரணம் என்ற பழைய விதி, உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 57-வது பிரிவில் குடியேறி, 2012-ல் அந்தச் சட்டம் ரத்தாகும்வரை இருந்தது. ஆயுதச் சட்டம் இன்றும் இருக்கிறது. மனுவை மாநிலப் போலீஸ் தலைவரிடம் கொடுக்கணும். கொடுப்பதும் மறுப்பதும் அவர் முடிவு. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 ஆண்டுகள்வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி.

இதனால் எல்லோருக்கும் துப்பாக்கி கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. துப்பாக்கி மலிந்த ஊரில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சாகிறார்கள், பார்க்கிறோம். இந்நாட்டில் கைத்துப்பாக்கி அரிதாக இருப்பது நமக்கு நல்லதுதான். அப்படியானால் பூட்டு உடைந்த வீட்டின் பயம் எங்கே போய்ச் சொல்லப்படணும்? ரோந்து வண்டி தாமான் முனைவரை வருமா? கொடுத்த புகாருக்குப் பதில் வருமா? 1948-ல் பங்களாவுக்கு விளக்கு வந்த வேகத்தில் நம் சந்துக்கு விளக்கு வருமா? தற்காப்பு என்பது இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. அதைக் கேட்காமல் ‘கபாலி’ பார்த்துவிட்டுத் துப்பாக்கியைக் கனவு காண்கிற பையனுக்கு, அந்தச் சாமான் இம்மண்ணில் தமிழனுக்கு என்ன செய்தது என்று யாராவது சொல்லணும்.

புடு சிறையை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது பெரிய கடைத்தொகுதி இருக்கிறது. பழைய வாசலை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். கோலாலம்பூர் போகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே ஒருநாள் நீங்களும் நின்றால், 6 தோட்டாக்களின் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.