பொன்னிருக்கையும் பெண் தலைமையும்

ஆளப் பிறந்தவன் ஆண், அடங்கப் பிறந்தவள் பெண் என்ற எண்ணத்தைப் பெட்டியிலே பூட்டி எடுத்துக்கொண்டுதான் வெள்ளை அதிகாரிகள் மேற்கு ஆப்பிரிக்காவில் இறங்கினர். இறங்கிய இடத்திலோ நிலைமை வேறு!

இன்றைய கானா நாட்டின் அசாந்தே மக்களிடம் தாய்வழி மரபே வழக்கம். ஊருக்கு ஊர் ஆண் தலைவனோடு ‘ஒஹெமா’ எனும் பெண் தலைவியும் உண்டு. ஆங்கிலேயர் அவளை ‘அரசியன்னை’ என்றனர். அவள் தலைவனின் தாயாக இருக்கவேண்டும் என்பதில்லை, மனைவியும் அல்லள். தலைமை காலியானால் அடுத்தவன் பெயரை முன்மொழிபவள் அவள். அவை நடுவே அவனைக் கண்டிக்கும் உரிமையும், பெண்களின் வழக்கைக் கேட்கத் தனி மன்றமும் அவளுக்கு இருந்தன.

1896-இல் மன்னன் பிரெம்பேயை ஆங்கிலேயர் நாடு கடத்தினர். 1900-இல் ஆளுநர் ஹாட்ஜ்சன் குமாசிக்கு வந்து, பொன்னிருக்கையைக் கொண்டுவா என்றார். அதில் இனத்தின் ஆவி உறைகிறது என்பது அம்மக்களின் நம்பிக்கை. ஆவியை நாம் நம்புவதில்லை. ஆயினும் ஓர் இனத்தின் மானத்தை ஆசனமாக்கி அமரத் துடித்த ஆணவத்தை அறிவோம். ஆண்கள் சிலர் தயங்கினர். எஜிசு ஊரின் தலைவி யா அசந்தேவா அம்மையார் போருக்குத் தலைமை தாங்கினார்! கோட்டை முற்றுகையிடப்பட்டது. முடிவில் சிறைப்பட்ட அவர் செஷல்ஸ் தீவுக்கு அனுப்பப்பட்டு, 1921-இல் அங்கேயே மறைந்தார். பிரெம்பே 1924-இல் நாடு திரும்பினார், அம்மையார் திரும்பவில்லை.

படை செய்ததைவிடப் பேனா செய்த கேடு பெரிது. ஊராட்சியைத் தலைவர்கள் மூலம் நடத்த முனைந்த ஆங்கிலேயர், ஆண்களையே அழைத்தனர். ஆண்களையே ஏட்டில் எழுதினர். ராட்ரே எனும் ஆய்வாளர் அம்மக்களிடையே ஆண்டுக்கணக்கில் பழகிய பிறகே பெண் தலைமையின் பெருமையை உணர்ந்து, 1923-இல் நூலாக்கினார். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டவருக்கு முதியோர் தந்த விடை என்ன? நீங்கள் கேட்கவே இல்லையே என்பதுதான்!

குலத்தால் வரும் பதவியாயிற்றே, நாம் போற்றலாமா என்று தோழர்கள் கேட்கலாம். பிறப்புரிமையை நாம் போற்றவில்லை. ஆனால், அதே பிறப்புரிமை ஆணுக்கு மட்டும் சட்டமாகிப் பெண்ணுக்கு மறைந்தது எந்த நியாயம்? 1992 அரசியல் சட்டம் ‘தலைவர்’ என்ற சொல்லின் பொருளில் அரசியன்னையையும் சேர்த்தது. சொல்லில் இடம் கிடைத்தது. தலைவர் அவையில் இருக்கை கிடைக்கவில்லை, அதன் பின்னும் பல்லாண்டுகள்.

அசாந்தேக்குத் தென்கிழக்கே மான்யா குரோபோ பகுதி. எய்ட்ஸ் நோய் அங்கே பெற்றோரைப் பறித்தபோது, அந்தப் பெண் தலைவியர் அவைக்கு வெளியிலேயே சங்கமாகக் கூடினர். அனாதைக் குழந்தைகளைத் தத்தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று, சோறிட்டுப் பள்ளிக்கு அனுப்பினர்.